கையில் பாரம் ஏன்? சிறிய விமானத்தின் டிரிம் வீல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தையில் பறக்கப் பழகும் பிள்ளைகளுக்குத் தரைப்பாடம் எடுக்கிறேன். இரத்மலானையில் செஸ்னா 152இல் பயிற்சி தொடங்கிவிட்டு லீவில் ஊருக்கு வருபவர்கள் பாதிப்பேர். இன்னும் விமானத்தில் கால் வைக்காதவர்கள் மீதிப்பேர். வானிலை, வரைபடம், வானொலி என்று எதை எடுத்தாலும் கடைசியில் பேச்சு டிரிம் வீலில் வந்து நிற்கும். ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைப் பிள்ளைகள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். இங்கே சொல்லும் வேகங்களும் ஒழுங்குகளும் பெரும்பாலும் செஸ்னா 152க்கு உரியவை. உங்கள் விமானத்தின் கைநூல் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

டிரிம் எண்டா என்ன சேர்? காரில இல்லாத சாமான் பிளேனுக்கு எதுக்கு?

விமானத்தின் வாலில் கிடையாக இருக்கும் சிறிய இறக்கையின் பின்பகுதி மேலும் கீழும் அசையும். அதுதான் எலிவேட்டர். விமானி கையில் பிடிக்கும் யோக் என்ற பிடியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழும்பும், வால் கீழே அமரும், மூக்கு உயரும். தள்ளினால் எல்லாம் மறுபக்கமாக நடக்கும். வேகம், பவர், பாரம் இந்த மூன்றில் எது மாறினாலும் எலிவேட்டர் வேறொரு இடத்தில் நிற்க வேண்டும். அந்த இடத்தில் அதைப் பிடித்து வைக்க உங்கள் கை காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும். அந்தப் பாரத்தைக் கையிலிருந்து வாங்கிக்கொள்வதுதான் டிரிம்.

இரத்மலானையிலிருந்து மட்டக்களப்பு நேர்கோட்டில் ஏறத்தாழ 220 கிலோமீற்றர். செஸ்னா 152இல் ஒன்றேகால் மணித்தியாலம் போகும். ஒரு தேங்காயை அவ்வளவு நேரம் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வரைபடத்தை மடித்து, வானொலியில் பதிலும் சொல்லிப் பாருங்கள். டிரிம் பண்ணாத விமானம் அப்படித்தான். கை களைப்பது சின்ன விஷயம். மனம் முழுக்கக் கையிலேயே நிற்கும், வெளியே பார்ப்பதை நிறுத்திவிடுவீர்கள். எனக்குப் பயம் அதில்தான்.

வீலை எந்தப் பக்கம் உருட்டினா மூக்கு மேல போகும்? எனக்கு ஒவ்வொரு முறையும் மாறுது.

யோக்கை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் தள்ளினால் மூக்கு கீழே, உங்கள் பக்கம் இழுத்தால் மூக்கு மேலே. டிரிம் வீலும் அதே மாதிரித்தான். செஸ்னாவில் அது இரண்டு இருக்கைகளுக்கும் முன்னால், நடுவில் நிறுத்தி வைத்த சக்கரம். அதன் மேல் விளிம்பை முன்னோக்கி உருட்டினால் மூக்கு கீழே, பின்னோக்கி உருட்டினால் மூக்கு மேலே. பக்கத்தில் ஒரு சின்ன முள் நகர்ந்து காட்டும்.

பழைய பைப்பர் விமானங்கள் சிலவற்றில் இது கூரையில் சுழற்றும் கைப்பிடியாக இருக்கும். அதில் யோக்கை நினைத்து விளங்கிக்கொள்ள முடியாது. எழுதியிருப்பதை வாசித்து, தரையில் நிற்கும்போதே சுழற்றிப் பழகுங்கள்.

வாலில இருக்கிற அந்தச் சின்னத் தகடு கீழ போகுது, ஆனா மூக்கு மேல போகும் எண்டு சொல்றீங்க. அது எப்படி?

நல்ல கேள்வி. இதைக் கேட்காதவர்கள் பரிசோதனையில் தடுமாறுவார்கள். செஸ்னா 152இல் எலிவேட்டரின் வலது பாதியின் பின்விளிம்பில் ஒரு சின்னத் தகடு கீல் போட்டு இருக்கிறது. நீங்கள் வீலை உருட்டும்போது அசைவது அதுதான். தகடு கீழே வளைந்தால் காற்று அதை மேல்நோக்கித் தள்ளும். தகடு தன்னோடு எலிவேட்டரின் பின்விளிம்பையும் மேலே தூக்கும். எலிவேட்டர் மேலே போனால் முன்பு சொன்னபடி வால் அமரும், மூக்கு எழும்பும்.

ஆகவே தகடும் எலிவேட்டரும் எப்போதும் எதிரும் புதிருமாகவே போகும். தோணியில் சுக்கானின் கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் அணியம் இடப்பக்கம் திரும்புவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இது ஒரே நிமிடத்தில் பிடிபட்டுவிடுகிறது. எல்லா விமானமும் இப்படி இல்லை. பழைய பைப்பர் கப் போன்றவற்றில் தகடு கிடையாது, வால் இறக்கையே முன்விளிம்பில் ஏறி இறங்கும்.

சரி, எப்படிச் சரியா டிரிம் பண்றது? படிப்படியாச் சொல்லுங்கோ.

முதலில் யோக்கால் மூக்கை வேண்டிய இடத்தில் வையுங்கள். அடிவானம் கண்ணாடியில் எங்கே வெட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை விடாமல் பிடியுங்கள். பவரை வையுங்கள். வேகம் ஓர் இடத்தில் நிற்கும்வரை பொறுங்கள். இப்போது கையில் ஒரு பாரம் தெரியும். யோக் உங்களை இழுக்கும் அல்லது தள்ளும். அந்தப் பாரம் குறையும் பக்கம் வீலை உருட்டுங்கள். மூக்கு அசையவே கூடாது, கையின் பாரம் மட்டும் கரைய வேண்டும்.

பாரம் போய்விட்டது என்று தோன்றியதும் பிடியைத் தளர்த்துங்கள். ஒரே அடியாக விட வேண்டாம், இரண்டு விரலால் தொட்டபடி இருங்கள். மூக்கு மெதுவாக ஏறினால் வீலை இன்னும் கொஞ்சம் முன்னால், இறங்கினால் பின்னால். ஆனால் திருத்துவதற்கு முன் மூக்கைத் திரும்ப யோக்கால் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். இந்த ஒரு வரியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. யோக்கை முழுக் கையால் இறுக்கிப் பிடிப்பவருக்கு டிரிம் ஒருநாளும் பிடிபடாது, ஏனென்றால் அவர் கை எந்தப் பாரத்தையும் உணராது. பெருவிரலும் இரண்டு விரலும் போதும். உங்கள் விரல் நகம் வெள்ளையாக இருந்தால் ஒன்றில் டிரிம் சரியில்லை, அல்லது நீங்கள் பயந்திருக்கிறீர்கள். இரண்டுக்கும் மருந்து உண்டு.

ஏறுறதுக்கு எத்தனை சுத்து, இறங்கிறதுக்கு எத்தனை சுத்து எண்டு ஒரு கணக்குத் தந்தா பாடமாக்கிடுவன்.

தர மாட்டேன். அதே விமானத்தில் இன்றைக்கு ஒன்றரைச் சுற்று சரியாக இருக்கும். நாளைக்குப் பக்கத்தில் பாரமான ஒருவர் இருந்தால் அது பிழைக்கும். கணக்கைப் பாடமாக்கியவர் வீலைப் பார்ப்பார், அடிவானத்தைப் பார்க்க மாட்டார். கை சொல்வதைக் கேட்டு உருட்டுங்கள். பத்து மணித்தியாலம் பறந்த பிறகு “ஏறத்தாழ இவ்வளவு” என்று கையே அறிந்துகொள்ளும். அது தானாக வர வேண்டிய அறிவு.

2,000 அடியில டிரிம் பண்ணினா பிளேன் 2,000 அடியிலேயே நிக்கும்தானே?

இல்லை. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: டிரிம் உயரத்தைப் பிடிக்காது, வேகத்தைப் பிடிக்கும்.

பட்டம் கட்டியவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. முச்சைக் கயிற்றின் முடிச்சைக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளிக் கட்டினால் பட்டம் காற்றை வேறொரு கோணத்தில் ஏந்தும். முடிச்சு மாறாதவரை அந்தக் கோணமும் மாறாது. டிரிம் வீல் விமானத்தின் முச்சை. இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணத்தை நீங்கள் கட்டி வைக்கிறீர்கள். பாரம் மாறாதபோது ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு வேகம் உண்டு. விமானம் அந்த வேகத்தைத் தேடித்தான் போகும்.

90 நொட்டுக்கு (மணிக்கு 90 கடல்மைல்) டிரிம் பண்ணி மட்டமாகப் பறக்கிறீர்கள் என்று வையுங்கள். யோக்கைத் தொடாமல் பவரைக் கூட்டினால் வேகம் கூடும் என்று நினைப்பீர்கள். விமானம் மூக்கைத் தூக்கி, ஏறத்தாழ அதே வேகத்தில் ஏறத் தொடங்கும். பவரைக் குறைத்தால் அதே வேகத்தை வைத்துக்கொண்டு இறங்கும். மூக்கை ஒருமுறை இழுத்துக் கையை விட்டால், வேகம் குறைந்து மூக்கு தாழும், வேகம் கூடி மூக்கு எழும்பும். 20 முதல் 30 செக்கனுக்கு ஒருமுறை என்று ஊஞ்சல் மாதிரி ஆடி, ஆட்டம் சிறுத்துச் சிறுத்து, பழைய வேகத்துக்கே வந்து சேரும். உயரத்தில் பறந்துகொண்டிருக்கும் நாளில் இன்ஸ்ட்ரக்டரிடம் கேட்டு இதைச் செய்து பாருங்கள். ஒருமுறை கண்ணால் கண்டால் டிரிம் பற்றிய பாதிச் சந்தேகம் தீரும்.

வீலாலேயே மூக்கை ஏத்தி இறக்கினா என்ன? யோக் எதுக்கு?

இதைத்தான் டிரிம்மால் ஓட்டுவது என்பார்கள். கெட்ட பழக்கம். வீலை உருட்டினால் விமானம் உடனே புது நிலைக்குப் போய் நிற்காது. முந்திய பதிலில் சொன்ன ஊஞ்சல் ஆட்டம் தொடங்கும். நீங்கள் அதைத் துரத்தி மறுபடி உருட்டுவீர்கள், அது மறுபக்கம் போகும். முதலில் யோக், பிறகு டிரிம். இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது.

புறப்படுறதுக்கு முன்னால டேக்-ஓஃப் குறியில வைக்க மறந்தா என்ன நடக்கும்?

மூக்கு மேலே இருக்கும்படி டிரிம் இருந்தால் நீங்கள் எதிர்பார்ப்பதற்கு முன்பே மூக்கு கிளம்பி, போதிய வேகமில்லாமல் விமானம் தரையை விடப் பார்க்கும். கீழே இருக்கும்படி இருந்தால் எவ்வளவு இழுத்தும் எழும்பாத மாதிரி இருக்கும், ஓடுபாதை கரைந்துகொண்டே போகும். இரண்டிலும் கையால் சமாளிக்கலாம், என்ன நடக்கிறது என்று அறிந்தவருக்கு. அறியாதவர் அந்த நேரத்தில் திகைத்து நிற்பார்.

செக்லிஸ்டில் “டிரிம்” என்று வரும்போது முள் டேக்-ஓஃப் குறியில் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வாயால் மட்டும் “செட்” என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். வெளியே சுற்றிப் பார்க்கும்போது தகட்டையும் பாருங்கள். உள்ளே முள் ஒன்றைச் சொல்லி வெளியே தகடு வேறொன்றைச் சொன்னால், அன்றைக்குப் பறப்பு இல்லை, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஏறி முடிஞ்சு மட்டமானதும் உடனே டிரிம் பண்ணினன். ரெண்டு நிமிசத்தில திரும்பப் பாரம் வருது. வீல் பழுதா?

வீல் நல்லாத்தான் இருக்கிறது, நீங்கள்தான் அவசரப்பட்டுவிட்டீர்கள். செஸ்னா 152 ஏறும்போது 67 நொட் அளவில் போகும். மட்டமாக்கியதும் அது மெதுவாக 90, 95 என்று வேகம் பிடிக்கும். வேகம் கூடக் கூட மூக்கு மேலே போகப் பார்க்கும், யோக்கில் தள்ள வேண்டிய பாரமும் கூடும். 70 நொட்டில் டிரிம் பண்ணியது 95க்கு எப்படிப் பொருந்தும்?

மட்டமாக்கும்போது முதலில் மூக்கு, பிறகு வேகம் ஏறும்வரை பொறுமை, பிறகு பவரைக் குறைப்பது, கடைசியாக டிரிம். ஏறத் தொடங்கும்போது முதலில் பவர், பிறகு மூக்கு, பிறகு டிரிம். எப்படி மாற்றினாலும் டிரிம் கடைசிதான். தள்ளும் பாரம் தாங்க முடியவில்லை என்றால் நடுவில் ஒருமுறை தோராயமாக உருட்டிப் பாதிப் பாரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். நுணுக்கமான திருத்தம் மட்டும் வேகம் நின்ற பிறகு.

திரும்பும்போதும் டிரிம் பண்ணணுமா?

சாதாரணத் திருப்பத்துக்குத் தேவையில்லை. சில செக்கனில் நேராகப் போகிறீர்கள், அதற்குள் உருட்டினால் திரும்ப மறுபக்கம் உருட்ட வேண்டும். 45 பாகை சாய்ந்து வட்டம் அடிக்கும்போது இறக்கை 1.4 மடங்கு பாரம் தாங்குகிறது, கையும் இழுக்க வேண்டும். அப்போது சிலர் கொஞ்சம் மூக்கு மேலே டிரிம் வைப்பார்கள். வைத்தால் நேராகும்போது யோக்கைத் தள்ளத் தயாராக இருங்கள். நான் பழக்கும் பிள்ளைகளுக்கு முதலில் டிரிம் இல்லாமலே செய்யச் சொல்கிறேன். அந்தப் பாரத்தைக் கை அறிவது நல்லது.

ஃபிளாப் போட்டதும் மூக்கு தூக்குதே?

இறக்கை மேலே இருக்கும் செஸ்னாவில் அப்படித்தான். ஃபிளாப் என்பது இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பகுதி. அது இறங்கியதும் காற்று வாலின் மேல் வேறு கோணத்தில் இறங்கும், மூக்கு எழும்பும். யோக்கைத் தள்ளி மூக்கை அதே இடத்தில் நிறுத்துங்கள், வேகம் குறைந்து நின்றதும் டிரிம். பத்துப் பாகை, இருபது, முப்பது என்று ஒவ்வொரு முறையும் இதே வேலை. இறக்கை கீழே உள்ள விமானங்களில் நடத்தை வேறாக இருக்கும்.

இறங்க வந்து, இறங்காம திரும்ப ஏறச் சொன்னா டிரிம்மை எப்ப மாத்துறது?

இந்தக் கேள்விக்கு மற்ற எல்லாவற்றையும் விட அதிக நேரம் கொடுங்கள். இறங்க வரும்போது வேகம் குறைவு, ஃபிளாப் முழுதாக இறங்கியிருக்கும், டிரிம் நன்றாக மூக்கு மேலே இருக்கும். பவரும் குறைவு. அந்த நிலையில் எல்லாம் பொருந்தியிருப்பதால் கையில் பாரமே இல்லை. இப்போது முழுப் பவரையும் தள்ளினால் புரொப்பெல்லரின் காற்று வாலில் அடிக்கும், டிரிம் சொல்லிவைத்ததை வால் பலமடங்கு கேட்கும். மூக்கு வானத்தைப் பார்க்கும். தரைக்கு மேலே சில நூறு அடியில் வேகம் சரிந்து ஸ்டோல் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் பலத்தை இழக்கும் வழி இது.

எனக்கே நடந்தது. மாணவனாக இருந்த காலம், முன்னால் இறங்கிய விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லை. திரும்ப ஏறச் சொன்னார்கள். நான் திரொட்டிலைத் தள்ளிவிட்டு வீலைத் தேடிக் குனிந்தேன். நிமிர்ந்தபோது கண்ணாடியில் வானம் மட்டும் இருந்தது. வேக முள் 50க்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. இன்ஸ்ட்ரக்டர் ஒரு சொல்லும் சொல்லாமல் யோக்கைத் தள்ளி மூக்கைக் கீழே பிடித்தார். அந்தக் கையை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

ஆகவே முதலில் கையால் தள்ளுங்கள். பாரமாக இருக்கும், எதிர்பார்த்தே தள்ளுங்கள். மூக்கு சரியான இடத்தில் நின்று, முழுப் பவர் வந்து, எஞ்சினுக்குச் சூடான காற்றை அனுப்பும் கார்ப் ஹீட்டை அடைத்து, ஃபிளாப் 20க்கு வந்து, வேகம் 55 நொட்டில் இருப்பதைக் கண்ட பிறகுதான் கை வீலுக்குப் போக வேண்டும். குனிய வேண்டாம், தடவியே உருட்டலாம். அதற்காகத்தான் வீல் கையெட்டும் இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு வீலைத் தொட்டுப் பழகுங்கள்.

பகல் பத்து மணிக்குப் பிறகு வாவிக்கு மேல ஆட்டம். எவ்வளவு டிரிம் பண்ணியும் நிக்குதில்ல.

நிற்காது. வெயில் ஏறியதும் வயலும் மணலும் சூடாகிக் காற்றை மேலே அனுப்பும், வாவித் தண்ணீர் அனுப்பாது. வயலிலிருந்து வாவிக்கும் வாவியிலிருந்து கரைக்கும் போகும்போது விமானம் ஏறி இறங்கும். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் இது இன்னும் கூடும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் வீலை உருட்டினால் ஆட்டத்தைக் கூட்டுவீர்கள். குலுக்கல் தொடங்கும் முன் வைத்த டிரிம்மை அப்படியே விடுங்கள். மூக்கை யோக்கால் லேசாகப் பிடியுங்கள், உயரம் ஐம்பது அடி கூடிக் குறைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். டிரிம் பழக வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்கு எழும்புங்கள்.

வீட்டுக் கொம்பியூட்டர் சிமுலேட்டரில பழகலாமா?

ஒழுங்கைப் பழகலாம், கையைப் பழக முடியாது. சாதாரண ஜோய்ஸ்டிக் எப்போதும் நடுவுக்கு வரத் தள்ளும் ஸ்பிரிங். உண்மையான விமானத்தில் டிரிம் பண்ணினால் யோக் புது இடத்தில் பாரமில்லாமல் நிற்கும். ஜோய்ஸ்டிக்கில் நீங்கள் டிரிம்மை உருட்டிக்கொண்டே கையை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சிமுலேட்டரில் மூன்று வருடம் ஓட்டிவிட்டு வரும் தம்பிமார் முதல் நாளில் டிரிம்மால் ஓட்டுவதைப் பார்க்கிறேன். குற்றம் அவர்களுடையது இல்லை, கைக்கு வேறு பாடம் கிடைத்திருக்கிறது.

எங்கட போட்டில பின்னுக்கு ஆள் கூடினா அணியம் தூக்கும். பிளேனிலயும் அப்படியா?

பாலமீன்மடுவில் தொழில் செய்யும் ஒரு ஐயா, மகனைக் கூட்டிவந்தபோது கேட்டது இது. அப்படியேதான் ஐயா. பாரம் பின்னால் கூடினால் மூக்கு தூக்கப் பார்க்கும், டிரிம்மை முன்னால் உருட்ட வேண்டும். முன்னால் கூடினால் பின்னால்.

ஆனால் இங்கே ஓர் ஆபத்து உண்டு. பாரம் அனுமதித்த எல்லையைத் தாண்டிப் பின்னால் போனாலும் டிரிம் கையின் பாரத்தை நீக்கிவிடும், எல்லாம் நல்லாக இருக்கிற மாதிரிக் காட்டும். விமானமோ தானாக வேகத்துக்குத் திரும்பும் குணத்தை இழந்துகொண்டிருக்கும். ஸ்டோல் ஆனால் மீட்பதும் கடினம். பாரக் கணக்கைத் தரையில் போட வேண்டும். டிரிம் அதற்கு மாற்று இல்லை.

எஞ்சின் நிண்டா டிரிம்மைத் தொட நேரம் இருக்குமா?

உயரம் இருந்தால் கட்டாயம் தொடுங்கள். செஸ்னா 152 சறுக்கி இறங்க 60 நொட். மூக்கை அந்த வேகத்துக்குப் பிடித்து, வேகம் நின்றதும் டிரிம் பண்ணுங்கள். இனி விமானம் 60ஐத் தானே காக்கும். நீங்கள் வயலைத் தேடலாம், எரிபொருள் வால்வைப் பார்க்கலாம், வானொலியில் பேசலாம். உயரம் மிகக் குறைவென்றால் வீலை மறந்துவிட்டு மூக்கையும் முன்னால் உள்ள நிலத்தையும் பாருங்கள்.

யோக்கில பட்டன் இருக்கிற பிளேனுக்கும் இதே கதையா?

மட்டக்களப்புக்கு வந்துபோன செஸ்னா 208 கரவன் போன்றவற்றில் கை வீலோடு மின்சார டிரிம்மும் உண்டு. முறை ஒன்றுதான். ஒரு வித்தியாசம்: மோட்டார் தன்பாட்டில் ஓடத் தொடங்கலாம். அப்படி ஓடினால் யோக்கை இறுகப் பிடியுங்கள், துண்டிக்கும் பட்டனை அழுத்துங்கள், பிறகு அதற்குரிய சேர்க்கிட் பிரேக்கரை இழுங்கள். அவை எங்கே இருக்கின்றன என்று ஏறுவதற்கு முன்பே விரலால் தொட்டுக் காட்டத் தெரிந்திருக்க வேண்டும்.

வீல் நடுவழியில இறுகி அசையவே இல்ல எண்டா?

பலம் போட்டு முறுக்காதீர்கள். கம்பியோ சங்கிலியோ சிக்கியிருந்தால் இன்னும் கெடும். மேலே சொன்னது நினைவிருக்கட்டும்: இறுகிய டிரிம் ஒரு வேகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த வேகத்துக்குக் கிட்டப் பறந்தால் கையில் பாரம் குறைவு. பவரால் ஏறி இறங்குங்கள். நிலைமையைக் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லி, நீளமான ஓடுபாதையைக் கேளுங்கள்.

இறங்கும்போது வழமையை விட நீளமான நேர் அணுகல் எடுங்கள். ஃபிளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் யோக்கில் பாரம் எவ்வளவு மாறுகிறது என்று பாருங்கள். தாங்க முடியாததாக வந்தால் முந்திய நிலைக்கே திரும்பி, அதோடு இறங்குங்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் அவரையும் யோக்கைப் பிடிக்கச் சொல்லலாம், எந்தப் பக்கம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு.